ரக்மானினோவின் காகிதங்களை யார் காத்தார்கள்?

1940ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் உட்கார்ந்து, ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான செர்கேய் ரக்மானினோவ் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 67. எழுதிக்கொண்டிருந்தது 'சிம்ஃபோனிக் டான்சஸ்' என்ற இசைக்குழுப் படைப்பு. அதுவே அவருடைய கடைசிப் படைப்பாகவும் ஆனது. அதன் முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில், அதுவரை அதட்டிக்கொண்டிருந்த இசை தணிகிறது. வயலின்கள் நிதானமாக ஒரு புது மெட்டை எடுக்கின்றன. பின்னால் சின்ன மணிகள் போல ஹார்ப்பும் பியானோவும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அந்த மெட்டு அந்தப் படைப்பில் திரும்ப வருவதே இல்லை.

அரங்கேற்றத்தில் அதைக் கேட்டவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. அது அவர் 22 வயதில் எழுதிய முதல் சிம்ஃபனியின் மெட்டு. சிம்ஃபனி என்றால் முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் பெரிய படைப்பு. அந்த சிம்ஃபனி ஒரே ஒரு முறை, 1897இல், பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறியது. படுதோல்வி. நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து, அதன் மாணவர் ஒருவர் பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளை வைத்து சிம்ஃபனி எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்கிற பொருளில் சீசர் குயி என்ற மூத்த இசையமைப்பாளர் பத்திரிகையில் எழுதினார். ரக்மானினோவ் நொந்துபோனார். அடுத்த சில ஆண்டுகள் அவரால் பெரிதாக எதுவும் எழுத முடியவில்லை. அந்த சிம்ஃபனியை அச்சிட விடவில்லை, மறுபடி வாசிக்கவும் விடவில்லை. ஆனால் கிழித்தும் போடவில்லை.

1940இல் அவர் அந்த மெட்டைத் திரும்ப எடுத்தது தனக்குத் தானே பேசிக்கொண்ட மாதிரி. இன்றைக்கோ, அவருடைய இசையில் ஓரளவு பழக்கம் உள்ள யாரும் அதை அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று நமக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியாதது இன்றைக்கு எப்படிப் புரிகிறது என்று தேடிப் போனால், ஒரு நூலக அலமாரியில் போய் நிற்போம்.

இசைக்குழுவுக்கு எழுதிய ஒரு படைப்பு காகிதத்தில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஸ்கோர். எல்லா வாத்தியங்களும் ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாக, ஒரே நேரத்தில் என்ன வாசிக்கின்றன என்று காட்டும் முழுப்பிரதி. இது இசையமைப்பாளரின் கையில் பிறப்பது. இன்னொன்று பார்ட்டுகள். முதல் வயலினுக்குத் தனித்தாள், குழலுக்குத் தனித்தாள், முரசுக்குத் தனித்தாள் என்று படியெடுப்பவர்கள் உட்கார்ந்து எழுதித் தருவது. வாசிப்பவர் முன்னால் இருப்பது பார்ட், நடத்துனர் முன்னால் இருப்பது ஸ்கோர். கச்சேரி முடிந்ததும் ஸ்கோர் வழக்கமாக இசையமைப்பாளரிடம் போகும். பார்ட்டுகள் கச்சேரியை ஏற்பாடு செய்தவரின் அலமாரிக்குப் போகும். ஒரே படைப்பு இரண்டு வீடுகளில் வாழத் தொடங்குகிறது.

1897 கச்சேரியை நடத்தியது மித்ரோஃபான் பெல்யாயெவ் என்ற மரவியாபாரி ஆரம்பித்த ரஷ்ய சிம்ஃபனி கச்சேரிகள் அமைப்பு. பார்ட்டுகள் பீட்டர்ஸ்பர்க்கிலேயே தங்கின. ஸ்கோரை ரக்மானினோவ் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். இருபது ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

1917 டிசம்பரில், புரட்சி நடந்து சில வாரங்களில், ஸ்டாக்ஹோமில் கச்சேரி வாசிக்க அழைப்பு வந்தது. அதைச் சாக்காக வைத்து மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அவர் ரஷ்யாவை விட்டுப் போனார். எடுத்துப்போன பெட்டி சின்னது. உள்ளே முடிக்காத 'மோன்னா வான்னா' ஓபராவின் பக்கங்களும், வேறொருவர் எழுதிய ஓபரா ஒன்றின் ஸ்கோரும் இருந்தன. மற்றபடி 44 வயது வரை எழுதிய கையெழுத்துப்பிரதிகள், கடிதங்கள் எல்லாம் மாஸ்கோவில். கோடைக்காலங்களில் உட்கார்ந்து அவர் பெரும்பாலான படைப்புகளை எழுதிய இவானோவ்கா பண்ணைவீடு சூறையாடப்பட்டு அழிந்தது. இன்று அங்கே நிற்பது பின்னாளில் திரும்பக் கட்டிய அருங்காட்சியகம்.

மாஸ்கோ வீட்டுச் சாவி சோஃபியா சாட்டினாவிடம் இருந்தது. இந்தப் பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோஃபியா, ரக்மானினோவின் அத்தை மகள். அவருடைய அக்கா நடால்யாவைத்தான் ரக்மானினோவ் மணந்தார். நமக்கு முறைப்பெண்ணைக் கட்டுவது சாதாரணம். ரஷ்யத் திருச்சபையிலோ அதற்குத் தடை இருந்தது. மன்னரின் அனுமதி வாங்கி, 1902இல், மாஸ்கோ ஓரத்தில் ஒரு ராணுவக் குடியிருப்பின் சின்ன தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. ஆக சோஃபியா அவருக்கு அத்தை மகளும் மைத்துனியும். அதற்கும் மேல், அவருடைய வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து கூட இருந்து பார்த்த சாட்சி.

1920களின் தொடக்கத்தில் சோஃபியாவும் ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். சாவியும் காகிதங்களும் வீட்டுவேலை பார்த்த பெண்ணின் பொறுப்புக்கு வந்தன. அந்த அம்மாள் 1925இல் இறந்தார். வீட்டில் இருந்த மற்ற கையெழுத்துப்பிரதிகள் அரசிடம் போய், பிற்பாடு கிளிங்கா அருங்காட்சியகம் என்று பெயர்பெற்ற மாஸ்கோ இசை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. முதல் சிம்ஃபனியை இரண்டு பேர் பியானோவில் வாசிப்பதற்காக அவர் செய்திருந்த சுருக்கப்படியும் அதில் இருந்தது. ஸ்கோர் மட்டும் இல்லை.

1943 மார்ச் 28 அன்று ரக்மானினோவ் கலிஃபோர்னியாவில் இறந்தார். அடுத்த ஆண்டு, ஜெர்மன் படைகளின் கிட்டத்தட்ட 900 நாள் முற்றுகையிலிருந்து மீண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த லெனின்கிராட் நகரில் (பீட்டர்ஸ்பர்க்கின் சோவியத் காலப் பெயர் அது), இசைக் கல்லூரி நூலகத்தில் பெல்யாயெவ் சேகரிப்புக்குள் அந்த சிம்ஃபனியின் பார்ட்டுகள் அகப்பட்டன. பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கில் மக்கள் செத்த ஊர் அது. அடுப்பில் போட மரச்சாமான்களும் புத்தகங்களும் தேடித்தேடி எரிக்கப்பட்ட ஊர். 47 வருடங்களாக யாரும் கேட்காத, தோற்றுப்போன ஒரு சிம்ஃபனியின் வயலின் தாள்கள் அங்கே பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

நடத்துனர் அலெக்சாந்தர் கௌக்கும் உடனிருந்தவர்களும் அந்தப் பார்ட்டுகளை வரிசைவரிசையாக அடுக்கி, இரண்டு பேர் வாசிக்கும் பியானோப் படியோடு ஒப்பிட்டு, ஸ்கோரைத் திரும்ப உண்டாக்கினார்கள். 1945 அக்டோபர் 17 அன்று மாஸ்கோவில் அது இரண்டாவது முறையாக ஒலித்தது. 1948 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு அதை அமெரிக்காவில் வாசித்தபோது தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். அதன் பிறகே 'சிம்ஃபோனிக் டான்சஸ்' பகுதியில் மறைந்திருந்த மெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. தன் தோல்வியை அவர் 43 வருடம் கழித்து எடுத்துத் தடவிப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

காப்பகம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இந்தக் கதை ஞாபகம் வரும். இதில் காப்பாற்றியது இசையமைப்பாளர் கிடையாது. அவர் காப்பாற்ற விரும்பினாரா என்பதே சந்தேகம். காப்பாற்றியது, பிரயோஜனம் இருக்குமா இருக்காதா என்று கணக்குப் பார்க்காமல் வந்ததை வந்தபடி எடுத்து வைத்த ஒரு நூலகம்.

இது ஒரு தடவை நடந்த அதிசயம் என்றும் எண்ண வேண்டாம். சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் நான்காவது சிம்ஃபனிக்கும் இதே கதிதான். ஸ்கோர் போரில் தொலைந்து, லெனின்கிராடில் மிஞ்சிய பார்ட்டுகளிலிருந்து மீட்டு 1961இல் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, தன் ஆசான் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1908இல் இறந்தபோது ஓர் அஞ்சலி இசை எழுதினார். மறு ஆண்டு ஒரு முறை வாசித்ததோடு அது காணாமல் போயிற்று. தன் ஆரம்பகாலப் படைப்புகளில் நல்லது அதுதான் என்று அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். பார்ட்டுகள் பீட்டர்ஸ்பர்க்கில் எங்காவது இருக்க வேண்டும், யாராவது தேடிப் பார்த்தால் தேவலை என்றும் சொல்லியிருக்கிறார். 2015இல் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கக் காலி செய்தபோது, பட்டியலில் ஏறாத தாள்கட்டுகளுக்குள் அவை இருந்தன. நூலகர் இரினா சிதொரென்கோ கண்டெடுத்துக் கொடுக்க, ஆய்வாளர் நத்தாலியா பிராகின்ஸ்கயா அடையாளம் சொல்ல, 2016 டிசம்பர் 2 அன்று அது திரும்ப ஒலித்தது. ஸ்ட்ராவின்ஸ்கி இறந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டியலில் ஏறாத தாள்கட்டு என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு காகிதம் நூலகத்துக்குள் இருப்பதும், அது இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிவதும் இரண்டு வேறு காரியங்கள்.

சரி, சோஃபியாவிடம் திரும்புவோம். அமெரிக்காவில் அவர் தாவர மரபியலாளராக வேலை பார்த்தார். ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, முதலில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலும் பிறகு ஸ்மித் கல்லூரியிலும், பல ஆண்டுகள் ஆராய்ந்த செடி எது தெரியுமா? ஊமத்தை. நம் ஊர் வேலியோரத்தில் முளைக்கிற ஊமத்தையின் சாதிதான். அதன் குருத்து நுனியில் செல்கள் மூன்று அடுக்காக இருக்கின்றன என்று காட்டிய 1940ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் சாட்டினாவுடையது. தாவரவியல் படித்தவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நாற்று நாற்றாகப் பிரித்து, சீட்டுக் கட்டி, எந்த விதை எந்தச் செடியிலிருந்து வந்தது என்று பிசகாமல் எழுதி வைக்கிற வேலை அது. அந்தக் கைதான் ரக்மானினோவின் காகிதங்களையும் அடுக்கியது. இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கணவர் மறைந்த சில ஆண்டுகளில், 1951இல் தான் இறப்பதற்கு முன், நடால்யா அவருடைய காகிதங்களை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் இசைப் பிரிவுக்குக் கொடையாகக் கொடுத்தார். சோஃபியா அதை ஒழுங்குபடுத்தினார். அதற்கு மேலும் சேர்த்துக்கொண்டே போனார். பழைய நண்பர்களின் நினைவுக் குறிப்புகளை வாங்கித் தொகுத்தார், தானும் எழுதினார். 1956இல் பெர்தென்சனும் லெய்டாவும் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பக்கத்தில், உதவியவர் என்று அவர் பெயர் இருக்கிறது. 1975இல், 95 வயதைத் தாண்டி அவர் மறையும் வரை இந்த வேலை நின்றதாகத் தெரியவில்லை. சம்பளம் இல்லாமல், பதவி இல்லாமல் பார்த்த வேலை.

அப்படிச் சேர்ந்த காப்பகத்தில் வெளிநாட்டு வாழ்க்கையில் எழுதிய படைப்புகளின் கையெழுத்துப்பிரதிகள் இருக்கின்றன. பாகனினி மெட்டை வைத்து எழுதிய ராப்சொடி, மூன்றாவது சிம்ஃபனி, 'சிம்ஃபோனிக் டான்சஸ்' எல்லாம் அங்கேதான். கூடவே கடிதங்கள், கச்சேரி நிரல்கள், புகைப்படங்கள், பத்திரிகைத் துணுக்குகள்.

ஒருவருடைய சொந்தக் காகிதக் கட்டைத் திறந்தால் அவர் எழுதிய கடிதங்கள் அதில் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் யோசித்தால் அப்படி இருக்க முடியாது என்று புரியும். நான் எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும். என் வீட்டில் இருப்பது நீங்கள் எனக்கு எழுதியது. ஒருவருடைய குரலைக் கேட்க அவர் வீட்டுக்குப் போகக் கூடாது, அவர் நண்பர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நண்பர்கள் வைத்திருந்தால் உண்டு. இளவயதில் ரக்மானினோவ் வேரா ஸ்கலோன் என்ற பெண்ணுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 1899இல் வேறொருவரை மணக்கும் முன் வேரா அத்தனையையும் எரித்துவிட்டார். அது அவருடைய உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 17 வயது ரக்மானினோவ் எப்படிப் பேசுவார் என்பதில் பெரும்பகுதி அந்த அடுப்போடு போயிற்று.

அமெரிக்கா போன பிறகு நிலைமை மாறுகிறது. கச்சேரி ஒப்பந்தம், பதிப்பாளர், வங்கி, உதவி கேட்டு எழுதும் அகதிகள் என்று தபால் குவிந்தது. செயலாளர் வைத்துக்கொண்டார். தட்டச்சில் போன கடிதத்துக்குக் கார்பன் நகல் கோப்பில் தங்கும். அதனால் 1920களுக்குப் பிந்திய ரக்மானினோவ் இரு பக்கமும் பேசுகிறார்; முந்தியவர் பல இடங்களில் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறார். அவருடைய குணம் மாறிவிட்டது என்று யாராவது எழுதினால், மாறியது குணமா, கடிதம் சேமிக்கும் முறையா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாடுகடந்தவரின் காகிதங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிளக்கின்றன. 44 வருட வாழ்க்கை மாஸ்கோவில், 25 வருட வாழ்க்கை வாஷிங்டனில். நடுவே பனிப்போர். மாஸ்கோ ஆய்வாளர் ஒருவர் நினைத்தவுடன் வாஷிங்டன் போய்ப் பெட்டியைத் திறக்க முடியாது. அமெரிக்கருக்கு மாஸ்கோவும் அப்படியே.

அரசியல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதற்கு இந்தியாவைத் தொடும் ஓர் உதாரணம் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1930இல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்குள்ள கல்வி முறையைப் புகழ்ந்தார். தாகூரின் பேச்சைக் கண்டித்து 1931 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்ட மூவரில் ரக்மானினோவ் ஒருவர். அரசியல் பேசாமல் ஒதுங்கியே இருந்த மனிதர் பொதுவில் சீறிய அபூர்வமான தருணம் அது. பதிலுக்கு சோவியத் நாட்டில் அவருடைய இசைக்குத் தடைபோல ஒரு புறக்கணிப்பு சில ஆண்டுகள் நடந்தது. எழுதிய கையைப் பிடிக்காவிட்டால் எழுதிய தாளும் ஆபத்தில்தான் இருக்கும். அப்படியிருந்தும் 1978 முதல் 1980 வரை மாஸ்கோவில் அப்பெத்யன் என்ற பெண் ஆய்வாளர் ரக்மானினோவின் கடிதங்களையும் எழுத்துகளையும் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். பிளந்த காகிதங்களைப் புத்தகத்திலாவது பக்கத்தில் பக்கத்தில் வைக்க நடந்த பெரிய முயற்சி அது. இன்றும் அதைத் தாண்டி யாரும் ஆராய முடியாது.

காப்பகத்துக்குப் பெட்டிகள் வந்து இறங்கியதும் என்ன நடக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் எதிர்பார்ப்பது, கடிதங்களை ஒரு பக்கம், இசைத்தாளை ஒரு பக்கம், புகைப்படத்தை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்குவார்கள் என்று. நல்ல காப்பாளர் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டார். எந்த உறைக்குள் எது இருந்தது, எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே ஒரு தகவல். தேதி போடாத ஓர் இசைக் குறிப்பு, 1926ஆம் வருடத்து ஹோட்டல் பில்லோடு சேர்ந்து மடிந்து கிடந்தால் அந்தப் பில்தான் அதற்குத் தேதி. பில்லைக் குப்பையில் போட்டுக் குறிப்பை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பாதி அறிவு போயிற்று. ஒருவருடைய தொகுப்பை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது, வந்த ஒழுங்கைக் காரணமில்லாமல் குலைக்கக் கூடாது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

அப்புறம் காகிதத்தின் உடல்நலம். துருப்பிடித்த குண்டூசி, கிளிப், இளகி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பேண்டு, மஞ்சளாகும் ஒட்டுநாடா எல்லாம் எடுக்கப்படும். பத்திரிகைத் துணுக்குகள் மட்டமான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அவற்றைப் பிரித்து நல்ல தாளில் நகலெடுப்பார்கள். அமிலமில்லாத உறை, அமிலமில்லாத பெட்டி, ஏறி இறங்காத வெப்பமும் ஈரப்பதமும். பார்க்க வருபவர்களுக்குப் பேனா கிடையாது, பென்சில்தான். காகிதத்துக்கு எதிரி காலம் என்று பொதுவாகச் சொல்கிறோம். நடைமுறையில் எதிரி ஈரமும் சூடும் வெளிச்சமும் நம் கையும்தான்.

ரஷ்யக் காகிதம் என்றால் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. 1918 வரை அங்கே பழைய நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் அது நம் கணக்குக்கு 12 நாள் பின்தங்கியது, 20ஆம் நூற்றாண்டில் 13 நாள். முதல் சிம்ஃபனி மேடையேறிய நாள் அந்தக் கணக்கில் மார்ச் 15, இந்தக் கணக்கில் மார்ச் 27. வெளிநாட்டிலிருந்து எழுதும் ரஷ்யர் எந்த நாட்காட்டியில் தேதி போட்டார் என்று தெரியாவிட்டால், பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அவர் பிறந்தநாளே ஏப்ரல் 1 என்றும் 2 என்றும் நூல்களில் மாறி மாறி வருவதற்குக் காரணம் இந்த ஒரு நாள் வித்தியாசம்தான். பெயரும் அப்படி. ரஷ்ய எழுத்தில் ஒரே பெயர், லத்தீன் எழுத்தில் ஐந்தாறு விதம். அவர் தானே வைத்துக்கொண்ட எழுத்துக்கூட்டல் ஒன்று, ஜெர்மன் பதிப்பாளர் போட்டது ஒன்று, நூலக விதிப்படி வருவது ஒன்று. இவையெல்லாம் ஒரே ஆள்தான் என்று பட்டியலில் முடிச்சுப் போடாவிட்டால் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரொகோஃபியெவின் நாட்குறிப்பு இன்னும் ஒரு படி மேலே. அவர் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு எழுதினார். தன் கையெழுத்தையே அப்படித்தான் போடுவார். அந்த நாட்குறிப்புகள் மாஸ்கோவில் உள்ள இலக்கிய, கலை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. மகன் ஸ்வியாதொஸ்லாவ் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்து, 1907 முதல் 1933 வரையிலானதை 2002இல் பாரிசில் வெளியிட்ட பிறகே உலகத்துக்குப் பயன்பட்டன. காகிதம் பத்திரமாக இருந்தால் போதாது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் மிஞ்ச வேண்டும்.

பட்டியலில் ஒழுங்காக எழுதிய ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவம். ரக்மானினோவ் வானொலியில் வாசிக்க மறுத்தவர். அதனால் ஸ்டூடியோவுக்கு வெளியே அவர் எப்படி வாசித்தார் என்று கேட்கவே வழியில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் நடத்துனர் யூஜின் ஓர்மாண்டியின் தொகுப்பு பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் 1940 டிசம்பர் தேதியிட்ட இசைத்தட்டுகளும் இருந்தன. 'சிம்ஃபோனிக் டான்சஸ்', ரக்மானினோவே பியானோ வாசிக்கிறார் என்று அதற்கான குறிப்பு சொன்னது. அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, புதுப் படைப்பு எப்படிப் போக வேண்டும் என்று நடத்துனருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். வாசித்தபடியே வாய்விட்டுப் பாடுகிறார், இடையில் பேசுகிறார், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். 2018இல் மார்ஸ்டன் நிறுவனம் அதை வெளியிட்டது. முதல் முறை கேட்டபோது, பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி எனக்கு இருந்தது.

கவனியுங்கள், இது ரக்மானினோவ் காப்பகத்தில் கிடைக்கவில்லை. ஓர்மாண்டி காப்பகத்தில் கிடைத்தது. ஒருவரைப் பற்றிய முக்கியமான பொருள் இன்னொருவர் பெயரிட்ட பெட்டியில் இருக்கும். அன்றைய பதிவுத் தட்டுகள் மெல்லிய பூச்சு கொண்டவை. காலப்போக்கில் பூச்சு வெடித்து உரியும். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். இன்னும் சில தலைமுறை காத்திருந்தால் அந்தக் குறிப்பு மட்டும் மிஞ்சி, குரல் போயிருக்கலாம்.

நூலகத்துக்குப் போகாத காகிதம் சந்தைக்குப் போகிறது. ரக்மானினோவின் இரண்டாவது சிம்ஃபனியின் ஸ்கோர் எங்கே என்றே பல காலம் தெரியாமல் இருந்தது. 2004இல் அது ஐரோப்பாவில் தலைகாட்டியது. ஏலத்துக்கு வந்தபோது வாரிசுகள் உரிமை கோரினார்கள், ஏலம் நின்றது. பிறகு ஓர் அறக்கட்டளை வாங்கி பிரிட்டிஷ் நூலகத்தில் பார்வைக்கு வைத்தது. 2014இல் திரும்பவும் ஏலம். 12 லட்சம் பவுண்டு. இந்தத் தொகையை எந்தப் பொது நூலகம் சுலபமாகப் புரட்டும்? நல்லவேளை, நடுவில் நூலகத்தில் இருந்த சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் விஷயத்தில் தொகை இன்னும் பெரிது. 1971இல் அவர் இறந்ததும் இரண்டாம் மனைவிக்கும் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கும் வழக்கு. பல ஆண்டுகள் இழுத்து, 1983இல் மொத்தக் காகிதங்களையும் 52 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கொண்டுபோனவர் பவுல் சாகர். நடத்துனர், பெரும் செல்வந்தர். அவர் பெயரிலான அறக்கட்டளை 1986 முதல் அங்கே ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கிக்குத் தாய்நாடு ரஷ்யா, குடியுரிமை அமெரிக்கா, கல்லறை வெனிசில், காகிதங்கள் பாசலில். அவை துண்டுதுண்டாக விற்றுப் போகாமல் ஒன்றாகப் போனதே பெரிய ஆறுதல். நடால்யா தன் கணவரின் காகிதங்களைப் பொது நூலகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார் என்று முன்பே சொன்னேன். அந்த முடிவு எவ்வளவு பெரியது என்று இந்த விலைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வாங்கியவருக்குக் காகிதம் சொந்தம், அதில் எழுதியிருப்பது சொந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பிறகு வாரிசுக்கு. இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்கில் ரக்மானினோவின் எழுத்து 2014 முதல் பல நாடுகளில் பொதுச்சொத்து. அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. டிஜிட்டல் ஆக்கி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரே பெட்டியில் நூறு பேருடைய உரிமை கிடக்கும்.

2015இல் ரஷ்யக் கலாசார அமைச்சர், நியூயார்க் அருகே உள்ள கல்லறையிலிருந்து ரக்மானினோவின் உடலை ரஷ்யாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். குடும்பத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் 1930களில் சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் கட்டி, தன் பெயரையும் மனைவி பெயரையும் சேர்த்து 'செனார்' என்று பெயர் வைத்த வீட்டை 2022இல் லுட்சர்ன் மாகாண அரசு வாங்கியது. உடலுக்கும் வீட்டுக்கும் உரிமை கொண்டாடப் பலர் வருவார்கள். காகிதத்துக்கு மட்டும் அந்தப் பிடிவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாஸ்கோவில் இருப்பது மாஸ்கோவிலும், வாஷிங்டனில் இருப்பது வாஷிங்டனிலும் இருக்கட்டும். அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சுட்டினால் போதும். பழைய உறவு முறிந்து, ரஷ்யக் காப்பகங்களுக்கும் மேற்கத்திய நூலகங்களுக்கும் இடையே போக்குவரத்து மறுபடி குறைந்துபோன இந்த நாளில், அதுகூடக் கடினமாகிவிட்டது.

'சிம்ஃபோனிக் டான்சஸ்' கையெழுத்துப்பிரதியின் முடிவில், இசை முடிந்த இடத்துக்குக் கீழே, ரஷ்ய மொழியில் ரக்மானினோவ் எழுதினார்: 'ஆண்டவரே, உமக்கு நன்றி.' அந்தத் தாள் வாஷிங்டனில் இருக்கிறது, பார்க்கலாம். முதல் சிம்ஃபனிக்கு அவர் முகப்பில் வைத்த வரி வேறு: 'பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்.' இன்று இசைக்குழுக்கள் வாசிக்கிற ஸ்கோர், பெயர் தெரியாத படியெடுப்பாளர்களின் தாள்களிலிருந்து கூட்டிச் சேர்த்தது. 1895இல் அவர் கைப்பட எழுதி, மாஸ்கோ வீட்டு மேசைக்குள் பூட்டிவைத்த மூலம் இன்றுவரை கிடைக்கவில்லை.